கம்பம் நட்ட பிறகு நான் எல்லை தாண்டிய நாள்

முதலில் வந்தது சூடுதான். 2006-ஆம் வருடம், தை மாதம். திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. டேபிளுக்கு முன்னால் நின்று வெள்ளை பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பியது. கழுத்துக்கு ஏறியது, காதுக்கு ஏறியது, உச்சந்தலையில் போய் நின்றது. வேர்வை ஒழுகி ஒரு பீஸின் மேல் சொட்டியது. பக்கத்து அயர்ன் டேபிளின் ஆவியாக இருக்கும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டேன். சூடும் கூடவே இடம் மாறி வந்தது.

எதிரில் நிற்கும் ஜெயா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண். "யக்கா, என்னக்கா இப்படி வேர்த்து ஊத்துது? ஃபேன் ஒங்க தலைக்கு மேலதான ஓடுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றேன். அந்த ஒண்ணுமில்லையை அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னேனோ, எங்கள் மாரியாத்தாளுக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் வராது. வந்தால் பன்னிரண்டு நாள் நிற்காது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். விரல் நுனி மரத்துப்போகும். தூக்கம் வராது, வந்தாலும் ஈரத்துணி போர்த்திய மாதிரி நனைந்து எழுவேன்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல். கண்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். இருபது வருடமாக அதையே பார்த்த கண்ணைச் சாயங்காலம் கம்பெனியில் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? வீட்டுக் குளியலறையில் என் உடம்பையே செக்கிங் டேபிளில் விரித்துப் போட்டேன். கழுத்தில் ஒரு கட்டி மாதிரி, கை வைத்தால் காணோம். மார்பில் ஒரு குத்தல். நாக்கில் ஒரு வெள்ளை. குறை தேடுகிற கண்ணுக்குக் குறையா கிடைக்காது? ஒரு வாரம் எனக்கு இருதய நோய். மறுவாரம் சர்க்கரை. அதற்கு மறுவாரம் டி.பி. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது அழுதுகொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். வயிற்றை ஸ்கேன் செய்யச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை உள்பக்கம் கொஞ்சம் தடிச்சிருக்குதுங்க. பயப்பட வேண்டாம். கோயமுத்தூர் போய் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு வாங்க," என்றார்.

பயப்பட வேண்டாம் என்பது என் காதில் விழவே இல்லை. கணியூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவிடமும் ஒரு டாக்டர் இதையேதான் சொன்னார். துளி சதை எடுத்தார்கள், புற்று என்றார்கள். எட்டு மாதத்தில் அக்கா போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டியது என் கை. லேடி டாக்டர் சொன்ன அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. எனக்கும் அதேதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? கனவில் நடக்கிற மாதிரிதான் நடந்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி வந்துகொண்டே இருக்கும். பஞ்சுத் தூசி மெல்ல மிதந்து இறங்கும். தையல் மெஷின்களின் சத்தம் எங்கோ தூரத்து மழை போலக் கேட்கும். நான் அந்த வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் புடவைகளைப் பிரித்துப் பிரித்து அடுக்குவேன். இது மகளுக்கு, இது நாத்தனாருக்கு. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் தலைவாருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். "ஏம்மா இப்படிப் பாக்கறே?" என்பாள். ஒண்ணுமில்ல கண்ணு.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கினார்கள். மூன்று கிளை பிரிந்த பச்சை மரத்தை வெட்டி வந்து கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டார்கள். கம்பம் நம் ஆத்தாளின் புருஷன், உங்களுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் அதன் உச்சியில் தீச்சட்டி வைப்பார்கள், நாங்கள் பூவோடு என்போம். விடிந்தால் பெண்கள் ஈரப்புடவையோடு வந்து மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக அதன் காலடியில் ஊற்றுவார்கள். கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் யாரும் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

என் வீட்டுக்காரர் தோட்ட வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். "சரசு, கோயமுத்தூர் எப்பப் போலாம்?" என்று கேட்டார்.

"கம்பம் நட்டாச்சுங்க. எல்லை தாண்டக் கூடாதுங்க," என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏனென்றால் தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் ஏறி, அதே எல்லைக் கல்லைத் தாண்டித்தான் நான் மண்ணரைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஷிப்மென்ட்டுக்கு எல்லை தாண்டலாம், டெஸ்ட்டுக்குத்தான் தாண்டக் கூடாதாம்! என் பயத்துக்கு ஆத்தாளைக் காவல் வைத்தேன். இதைவிடப் பெரிய பாவம் நான் செய்ததில்லை.

உதிரப்போக்கு நிற்காததால் கோயிலுக்குள்ளும் போக முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். அந்த வருடம் விடியற்காலையில் சந்து முனையில், ஒரு வேலியோரமாக நின்று தூரத்திலிருந்து பார்ப்பேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? "என்னைக் காப்பாத்து" என்றுகூடக் கேட்கவில்லை. "அந்த டெஸ்ட்டு மட்டும் வேண்டாம் ஆத்தா, எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்" என்றுதான் கேட்டேன்.

கம்பம் நட்ட ஆறாம் நாள். சூடு வந்து என்னை எழுப்பியது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. அப்படியே எழுந்து சந்து முனைக்குப் போனேன். தலை கிறுகிறுவென்றிருந்தது, கால் தரையில் பாவவில்லை. கம்பத்தின் உச்சியில் முந்தின இரவின் பூவோட்டில் கங்கு இன்னும் சிவந்து கிடந்தது. கீழே பெண்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்வாசனையும் வேப்பிலை வாசனையும் காற்றில் வந்தன. மேலே தீ, கீழே தண்ணீர், நடுவில் அந்த மரம் பச்சை வாடாமல் நிற்கிறது. எனக்கு உச்சந்தலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் அதுவும் ஒன்று போலத் தோன்றியது.

அப்போது மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் வெறுங்குடத்தோடு கோயில் பக்கமிருந்து வந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைக் கடந்து ஊருக்கு வெளியே நடந்தாள். எல்லைக் கல்லையும் தாண்டிப் போனாள். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் அந்த வருடங்களில் சாயப்பட்டறைச் சாயம் கலந்திருந்தது. ஒரு நாள் சிவப்பாக வரும், ஒரு நாள் ஊதாவாக வரும். அதை ஆத்தாளுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நிறைகுடத்தோடு திரும்பி வந்தவள் என் முன்னால் நின்றாள். என்னால் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நான்தான் கேட்டேன், அசட்டுத்தனமாக. "ஏனுங்க, கம்பம் நட்டிருக்குது. எல்லை தாண்டிப் போறீங்களே?"

"நல்ல தண்ணி வேணும்னா தாண்டித்தான் போகோணும் கண்ணு," என்றாள். "பொழுதுக்குள்ள ஊடு வந்து சேந்துட்டாப் போதும்."

குடத்திலிருந்து ஒரு கை அள்ளி என் காலில் ஊற்றிவிட்டுப் போனாள். அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் பொய்யை யாரோ சத்தமில்லாமல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அவள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வடக்குத் தெருவுக்கு விருந்தாக வந்த பெண்ணாக இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். ஆத்தா எந்தத் தெருவுக்கு யார் வீட்டு விருந்தாளியாக வருவாள் என்று நாம் எழுதியா வைத்திருக்கிறோம்?

வீட்டுக்குப் போய் அவரை எழுப்பினேன். "கோயமுத்தூர் போலாமுங்க. பொழுதுக்குள்ள வந்துரலாம்."

அவர் உடனே எழுந்தார். பரண் மேல் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார். ஸ்கேன், டாக்டர் சீட்டு, இ.சி.ஜி. எல்லாம் அதற்குள் தயாராக இருந்தன. எத்தனை நாளாக அந்தப் பை அங்கே காத்திருந்ததோ!

டெஸ்ட் கால் மணி நேரம்தான். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். முடிந்ததும் அந்த டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். ஆனா இந்தச் சூடு, படபடப்பு, தூக்கமில்லாம கெடக்கிறது, இதெல்லாம் தீட்டு நிக்கிற வயசுல வர்றதுதாங்க. உங்களுக்கு யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டார்.

இல்லை. யாரும் சொன்னதில்லை. வயதுக்கு வந்தபோது ஊரைக் கூட்டிச் சீர் செய்தார்கள். நிற்கப்போகிறபோது ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

திரும்பும்போது எல்லைக் கல்லருகே பஸ்ஸை விட்டு இறங்கினோம். சூரியன் பனைமரத்தின் இடுப்பளவில் இருந்தது. கம்பத்தைச் சுற்றி ஆட மேளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுதுக்குள் வந்துவிட்டோம்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். சூடு வரும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடுவேன். கம்பம் கண்ணுக்குள் வந்து நிற்கும். எட்டாம் நாள் அவரே போய் ரிசல்ட் வாங்கி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒண்ணுமில்ல சரசு," என்றார். குரல் உடைந்துவிட்டது. நான் எல்லோரிடமும் பொய்யாகச் சொன்ன வார்த்தை அன்றைக்கு உண்மையாகத் திரும்பி வந்தது. புற்று இல்லை. உதிரப்போக்குக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். ஆடியோடு மாதவிலக்கு நின்றது.

பயம் அன்றோடு ஓடிவிட்டது என்று சொன்னால் ஆத்தா என் நாக்கை அறுப்பாள். அடுத்த மாதமே ஒரு தலைவலி வந்தது, மூளையில் கட்டி என்று இரண்டு நாள் கிடந்தேன். ஆனால் இப்போது பயம் வந்தால் ஒளிந்துகொள்வதில்லை. கும்பிடுகிறேன், டாக்டரிடம் கேட்கிறேன், அவர் சொல்வதை நம்புகிறேன். டீ நேரத்தில் செக்கிங் பெண்களிடம் வாய்விட்டுப் பேசினேன். பார்த்தால் என் வயதில் உள்ள ஐந்து பேருக்கும் அதே சூடு, அதே ஒண்ணுமில்ல! "எங்கம்மைக்கும் இப்படித்தான் இருந்துச்சுக்கா, பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிச்சாங்க," என்றாள் ஜெயா. அவர்களில் இரண்டு பேரை நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதுதான் நான் ஆத்தாளுக்குச் செலுத்துகிற நேர்த்திக்கடன்.

மறுவருடம் பங்குனியில் நானும் எல்லை தாண்டிப் போய்க் கிணற்றில் மொண்டு வந்தேன். ஈரப்புடவையோடு வரிசையில் நின்று கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதே, சொல்லி வைத்த மாதிரி, நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி உச்சிக்கு ஏறியது. பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் புது மருமகள் பயந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, மூஞ்சியெல்லாம் இப்படிச் செவந்து கெடக்குது?"

"நானும் பூவோடு எடுத்திருக்கறேன் கண்ணு," என்றேன். மீதித் தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் அக்கா, தங்கச்சி, உங்களில் யாராவது ஒரு சீட்டைப் பரணில் ஒளித்து வைத்துக்கொண்டு, சாமி பெயரைச் சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆத்தாளை நம்பி நாளைக்குக் காலையிலேயே பஸ் ஏறுங்கள். பொழுதுக்குள் வீடு கொண்டுவந்து சேர்ப்பாள்.