கையெழுத்துக்கு ஆள் தேடும் காளீஸ்வரி

எந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் காளீஸ்வரி முதலில் பார்ப்பது கால்களைத்தான். முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பொய்க்குத் தயாராகிவிடும் என்பாள். செருப்பே இல்லையென்றால் எங்கிருந்தோ ஓடிவந்த பிள்ளை. பெரிய ஆளின் செருப்பு என்றால் அவசரத்தில் கிளம்பிய பிள்ளை. கணுக்காலில் அட்டை கடித்த வடு இருந்தால் மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பிள்ளை. எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், "ஏத்தா, எந்தூரு?" என்று வாயைத் திறப்பாள்.

வயது நாற்பத்து நான்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. வீடு போடியில். கணவர் ஈஸ்வரன் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறார். அவர் சட்டை வாசமே போதும் என்று காளீஸ்வரி டீயில் ஏலக்காய் போடுவதில்லை. மலைப்பாதையும் அவளுக்கு ஆகாது. போடிமெட்டு ஜீப்பில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டு புளிப்பு மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். காய் எடுக்கப் போகும் பெண்கள், "டீச்சரு தூங்கிருச்சுடி" என்று சிரிப்பார்கள். அவள் யாருக்கும் பாடம் எடுத்தவள் இல்லை. கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்து அவர்களாக வைத்த பெயர் அது.

ஆதரவற்ற பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளும். வழக்கில் சிக்கிய பிள்ளைகளை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். இரண்டு இடத்திலும் கோப்பு உள்ள பிள்ளையை என்ன செய்வது என்று கேட்டால், இரண்டு இடத்திலும் மற்ற இடத்தைக் கை காட்டுவார்கள். அப்படி நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஆள் தேடி அலைவதே காளீஸ்வரியின் சோலியாகிவிட்டது.

முத்துப்பிரியா அப்படி நின்றவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அம்மா செத்த இரண்டாம் மாதம், தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் பதினொரு வயதுப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். காளீஸ்வரிதான் இறக்கிக் கூட்டிவந்து ஒரு விடுதியில் சேர்த்தாள். நான்கு வருஷம் இருந்தவள் ஒருநாள் சுவரேறிக் குதித்து ஓடிப்போனாள். பிறகு பார்த்தபோது, "ஏன்த்தா போன?" என்றதற்கு, "சும்மாதான் டீச்சர்" என்றாள். காளீஸ்வரி அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஓடிப்போனவளுக்கு இரண்டு ஆட்கள் சோறு போட்டார்கள். தாங்கள் திருடிய ஏலக்காய் மூட்டையை அவள் தலையில் வைத்து, ஒற்றையடிப் பாதையில் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் போலீஸ் மறித்ததும் ஆட்கள் இருவரும் காட்டுக்குள் பாய்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் மூட்டையோடு நின்றாள்.

"நீயும் மூட்டையப் போட்டுட்டு ஓடிருக்க வேண்டியதுதான?"

"போட்டா காய் பூராம் கொட்டிரும்ல டீச்சர்."

சொந்தக்காரர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் பிள்ளையை அனுப்பலாம் என்றது குழுமம். கேஸ் உள்ள பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு வைக்க மாட்டோம் என்றது பழைய விடுதி. வழக்கு முடியட்டும், பார்க்கலாம் என்றது நலக் குழு. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொந்தம். ராசிங்காபுரத்தில் இருக்கும் சித்தி ஒச்சம்மாள்.

காளீஸ்வரி மூன்று தடவை போனாள். முதல் தடவை, அவள் வருவதைப் பார்த்ததும் ஒச்சம்மாள் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கிவிட்டாள். இரண்டாம் தடவை வாசலில் நிறுத்தியே பேசினாள்.

"எனக்கும் பொட்டப்புள்ள இருக்குக்கா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவுக, திருட்டுக் கேஸுக்காரிய வீட்டுல வச்சிருக்காகன்னு திரும்பிப் போயிட்டா?"

"ஒங்கக்கா பெத்த பிள்ளத்தா அது."

"அதான் எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் தடவை தண்ணீர் கொடுத்தாள். "வியாழக்கெழம வர்றேன். ஆதார் கார்டு கொண்டாரணுமாக்கா?" என்றாள். அட்டையைப் பற்றிக் கேட்டதால் வந்துவிடுவாள் என்று காளீஸ்வரி நம்பினாள். பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை தேனியில் குழுமம் கூடும் இடத்துக்கு முத்துப்பிரியா எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடையோடு வந்திருந்தாள். "சித்தி வீட்டுல ஆடு கெடக்கா டீச்சர்?" என்று கேட்டாள். பஸ் நின்று கிளம்பும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தாள். பதினோரு மணிக்குப் பிறகு ஒச்சம்மாளின் போன் அணைந்திருந்தது. காளீஸ்வரி ஒன்பது தடவை அடித்துப் பார்த்தாள்.

கடைசியில் நன்னடத்தை அலுவலர் தங்கபாண்டியனிடம் போய், "சார், நான் போட்டா என்ன கையெழுத்த?" என்றாள்.

"நீங்க ஆபீஸ் ஆளுக்கா. போட முடியாது. போடணும்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வாங்க."

அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு லேசானது. இரண்டு அறை வீடு, படுக்கையில் கிடக்கும் மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தப்பித்துவிட்டார்கள். அப்படித் தோன்றிய மறுகணமே உடம்பு கூசியது. ஒச்சம்மாளும் இந்நேரம் போனை அணைத்துவிட்டு, சோளக்காட்டில் இதே நெஞ்சோடுதான் உட்கார்ந்திருப்பாள். அவளைத் திட்டுவதற்குக் காளீஸ்வரிக்கு வாய் வரவில்லை.

அடுத்த விசாரணை வரை வெளியூர்க் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கும்படி உத்தரவானது. அங்கே போக பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஆகும். முத்துப்பிரியா அழவில்லை.

"சித்தி வந்துச்சா டீச்சர்?"

"வரலத்தா."

"ம்" என்றாள்.

கூட்டிப்போக வந்த பெண் காவலர் சூர்யகலா, சீருடை இல்லாமல் சுடிதாரில் இருந்தாள். அவள் நீட்டிய படிவங்களைக் காளீஸ்வரி மேசையில் வைத்து நிரப்பினாள். பெயர், வயது, அங்க அடையாளம். கடைசிப் பக்கத்தில், பார்க்க வரக்கூடிய உறவினர்கள் என்று நான்கு வரி காலியாக இருந்தது.

"யாரும் இல்ல டீச்சர். கோடு போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு முத்துப்பிரியா தண்ணீர் குடிக்கப் போனாள்.

காளீஸ்வரி முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். அதற்குப் பக்கத்தில், உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"வெரசாக்கா, பஸ்சு போயிரும்" என்றாள் சூர்யகலா.

தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையைப் போலக் குனிந்து, 'பெரியம்மா' என்று எழுதினாள் காளீஸ்வரி.