சூளை காணாத நீலம்

பங்குனிக் கடைசியில் என் மனைவியை விமானம் ஏற்றிவிட்டு விருத்தாசலம் திரும்பினேன். அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். அம்மா கூட இருக்க வேண்டும். அப்பா எதற்கு? நான் போய்ப் பத்திய ரசமா வைக்கப் போகிறேன்? ஆடி பிறப்பதற்குள் அவள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. சென்னையில் விமான நிலைய வாசலில் நின்று அவள் எனக்குக் கடைசியாகச் சொன்னது, "கேஸ மூடிட்டு வெளிய போங்க" என்பதுதான். நானும் "சரி சரி, லைன்ல போய் நில்லு" என்றேன். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரியும்போது பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். அந்த நேரத்தில் தினமும் போன் வரும். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் சொன்னாள்.

"ஜன்னல தொறந்தாலும் புல்லு, அந்தாண்ட நடந்தாலும் புல்லு. கண்ணுக்கு ஒரு மாறுதலே இல்லீங்க. நம்ம ஊர வரைஞ்சி அனுப்புங்களேன். சும்மாதானே இருக்கீங்க."

அந்தச் 'சும்மாதானே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. போன வருடம்தான் பீங்கான் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கப்பிலும் சாசரிலும் நீலக் கொடி வரைவது, பொம்மைகளுக்குக் கண் வைப்பது, இதுதான் முப்பது வருடமும் என் வேலை.

"போட்டோ எடுத்து அனுப்பறேன், பாத்துக்க" என்றேன்.

"போட்டோ வேணாம். நீங்க வரைஞ்சதுன்னா அந்த எடத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

மகள் போன முறை வந்தபோது வாங்கிக்கொடுத்த நீர்வண்ண டியூப்களும் தடித்தாள்களும் பீரோவில் பிரிக்காமல் கிடந்தன. வண்ணம் குழைக்க வீட்டிலிருந்த சாசர்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பீங்கான் வேலைக்காரர் வீட்டுக்குப் போனால் நேராக நிற்கிற ஒரு கப்பைக்கூடப் பார்க்க முடியாது. ஒழுங்காக வெந்தது எல்லாம் லாரி ஏறிப் போய்விடும். சூளையில் கோணிக்கொண்ட செகண்ட்ஸ்தான் வீட்டுக்கு வரும். வண்ணம் தேங்கி நிற்கக் கோணல் சாசரைப் போல வசதியானது வேறு இல்லை.

முதல் படம் மணிமுத்தாறு. சித்திரையில் அதை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மணல், கருவேலம் புதர், நடுவில் ஒரு குட்டை, அதைச் சுற்றி ஆடுகள், அக்கரையில் கோபுரம். ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். எட்டு மணிக்கு மேல் வானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தூரிகை போவதற்குள் தாள் காய்ந்துவிடும். துண்டை நனைத்துத் தாளுக்கு அடியில் விரித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். படம் முடிந்ததும் போனில் பிடித்து அனுப்பினேன்.

"இன்னாங்க இது, மூடுபனியா? சித்திரையிலயா?"

"போன் கேமரா சரியில்ல" என்று கோபமாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுத்த வாரம் சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறி வெள்ளாற்றுப் பாலத்தை வரைந்தேன். அதுவும் மூடுபனிதான். அதற்கடுத்து, கத்திரி வெயிலில் திட்டக்குடி போய் வெலிங்டன் ஏரி. ஏரி என்றால் பாளம் பாளமாக வெடித்த தரை. அதைப் பார்த்துவிட்டு, "தண்ணிதான் இல்ல, நெறமாவது இருக்கக்கூடாதா? வெயில்ல இப்டி அலையணுமா, தலைக்குத் துண்டாவது போட்டுக்கிறீங்களா?" என்றாள். திட்டும் அக்கறையும் அவளுக்கு ஒரே மூச்சில்தான் வரும். நேரில் இருந்தால் துண்டை நனைத்து அவளே தலையில் போட்டிருப்பாள். அன்றைக்குப் போனை வைத்த பிறகு வீடு ரொம்பப் பெரியதாக இருந்தது.

என்ன கோளாறு என்று மறுநாள்தான் புரிந்தது. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் நேராக ஏரிப் படத்தைப் போய்ப் பார்த்தேன். சூளை திறக்கும் காலையில் இருக்குமே, அதே ஆவலோடு. முந்தின நாள் தாளை அலமாரியில் நிற்கவைத்தபோதே உள்ளுக்குள் 'நாளைக்கு வெந்து வந்ததும் பார்க்கலாம்' என்று நினைத்திருக்கிறேன்! எங்கள் தொழிலில் நீலத்தை நீலமாகப் பூசமாட்டோம். கப்பில் இழுக்கும்போது அது வெளிறிய சாம்பலாகத்தான் இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். தாராளமாகப் பூசினால் கறுத்து வழிந்து கப்பு வீண். கொஞ்சமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொள்ளும். நீர்வண்ணத்துக்கோ சூளை கிடையாது. காய்ந்தால் இன்னும் வெளுக்கும். முப்பது வருடத் தொழில்காரன் மூன்று வாரமாகத் தாள் வேகட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்ததைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

காரணம் தெரிந்ததால் கை மாறிவிடாது. தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுப்பேன். தாளுக்கு வருவதற்குள் கை அதைச் சாசர் விளிம்பில் பாதி வழித்துவிடும். வைகாசியில் ஸ்ரீமுஷ்ணம் சாலை முந்திரித் தோப்பை மூன்று தரம் வரைந்தேன். மூன்றாவதில்தான் செம்மண் கொஞ்சம் செம்மண்ணாக வந்தது. ஸ்ரீமுஷ்ணம் அவள் பிறந்த ஊர். கல்யாணமான மறுவாரம் அவள் வீட்டு விருந்துக்குப் போகும்போது அந்தத் தோப்போரம்தான் பஸ் பஞ்சராகி நின்றது. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் நின்றோம். படத்தைப் பார்த்துவிட்டு அவள், "அந்த எடந்தானே?" என்றாள். "ஆமா" என்றேன்.

ஆனி பிறந்ததும் பேத்தியும் பிறந்தாள். பத்து நாள் கழித்து மகள் பேசினாள்.

"அப்பா, அம்மா இன்னும் நாலு மாசம் இருக்கட்டுமா? நான் வேலைக்குத் திரும்பணும். விசாவ நீட்டிச்சிக்கலாம். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்கப்பா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் நாள்காட்டி தொங்கியது. ஆடி முதல் தேதியை நான் பென்சிலால் சுழித்து வைத்திருந்தேன், அதையும் மெல்லிசாகத்தான்.

"அதுக்கென்னம்மா, இருக்கட்டும். எனக்கு இங்க ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

மறுமுனையில் தள்ளி இருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "கேட்டுக்கிட்டியா? அவருக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லியாம்."

அதன் பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டீங்களா, சாப்டேன், குழந்தை தூங்குது, வச்சிடறேன். படம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் வரையவில்லை. வழக்கம்போல எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவன் மேல் இவளுக்கு என்ன வருத்தம்?

ஒரு வாரம் கழித்துக் கோணல் சாசர்களைக் கழுவ எடுத்தேன். விளிம்பு முழுக்க நான் வழித்துவிட்ட நீலம் காய்ந்து அப்பியிருந்தது. தாளில் இருக்க வேண்டியதெல்லாம் சாசரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உறைத்தது. அவளிடமும் நான் இப்படித்தான் பேசியிருக்கிறேன். "டீ ஆறிடுச்சி" என்பேன், வந்து பக்கத்தில் உட்கார் என்று அவள் எடுத்துக்கொள்வாள். "பஸ்ஸு கூட்டமா இருக்கும்" என்பேன், இன்றைக்குப் போகாதே என்று புரிந்துகொள்வாள். நான் வெளிறலாகச் சொன்னதையெல்லாம் அவள் தன்னிடம் வைத்து நிறமாக்கிக்கொண்டாள். நேரில் என் முகம் தெரியும். போனில் என்ன தெரியும்? கொறைச்சல் இல்லை என்று சொன்னால் கொறைச்சல் இல்லைதான்.

அன்றே சாயங்காலம் மொட்டை மாடிக்குத் தாளை எடுத்துப் போனேன். கோடை முடிகிற வானம். தெற்கே மழைமேகம் திரண்டு நின்றது. ரயில் பாதை, அதற்கப்பால் கோபுரங்கள், முன்னால் எங்கள் துணிக்கொடி. நீல டியூப்பைக் கடைசிவரை பிதுக்கினேன். சாசர் விளிம்புக்குக் கை போனபோதெல்லாம் இழுத்துப் பிடித்தேன். ஒருமுறை பூசிக் காயவிட்டு, மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. மேகம் ஓர் ஓரத்தில் கறுத்து வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன். கொடியில் என் வேட்டி ஒன்று, துண்டு ஒன்று. அவள் புடவைகள் உலரும் பக்கத்தைக் காலியாகவே வரைந்தேன்.

மறுநாள் காலை படத்தை அனுப்பினேன். அவள் கூப்பிடும்வரை பொறுக்காமல் நானே போன் போட்டேன். படத்தைப் பற்றி அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"இந்தா, நான் சொல்றத முதல்ல கேளு. எனக்குக் கொறைச்சல் இருக்குது. நீ இல்லாதது பெரிய கொறைச்சலா இருக்குது. வந்துடு."

என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதாங்க? டிக்கெட்ட கார்த்திகைக்கு மாத்தியாச்சே. இவளும் வேலைக்கு வரேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாளே."

"தெரியும்" என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

பின்னால் குழந்தை அழுதது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இருடி, வரேன்" என்று அங்கே சொன்னாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.