அக்காவுக்கு ரஷ்ய மொழியில் ஓர் உறவுமுறை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலருக்கு அவர் ரவிக்கை தைத்துக் கொடுத்திருப்பார்.

அக்கா பிறந்தது பர்மாவில், ஆற்றங்கரையிலுள்ள க்யிம்யிண்டைங் பகுதியில். அப்பாவுக்குப் படகுத்துறையில் மூட்டை தூக்கும் வேலை. அம்மாவும் அவரும் அடுத்தடுத்துக் காலமானபோது அக்காவுக்குப் பதினாறு வயது. அதே நகரின் தாமுவே பகுதியில் ஒரு தையல்கடையில் சேர்ந்து, என்னையும் தம்பியையும் படிக்க வைத்து, மணமும் முடித்து வைத்தார். தமக்கு வந்த வரன்களை மறுத்துவிட்டார். அதற்காக வருந்தியதாகச் சொன்னதில்லை. ஆனால் வயதைப் பற்றிப் பேசினால் முகம் வாடிவிடும். ஐம்பத்தைந்திலும் நரைக்குச் சாயம் பூசாமல் வெளியே கிளம்பமாட்டார்.

அப்போதுதான் அக்கா வீட்டு மேல்மாடிக்கு நீனா குடிவந்தார். ரஷ்யாவில் படித்துத் திரும்பிய பர்மியப் பொறியாளரின் ரஷ்ய மனைவி. நீனா வேலைக்குப் போகும்போது குழந்தை மாஷாவை அக்காதான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் நீனா அக்காவைக் காட்டி, “பாபுஷ்கா” என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தார். குழந்தையும் “பாபா, பாபா” என்றது. பொருள் கேட்ட அக்காவிடம் நீனாவின் கணவர், “அப்வா” என்று பர்மிய மொழியில் சொன்னார். பாட்டி!

அக்கா உடனே இறங்கி வந்துவிட்டார். “கல்யாணமே ஆகாதவள கெழவின்னுட்டாங்கடி” என்று தொலைபேசியில் என்னிடம் அழுதார். மூன்று நாள் மேலே போகவில்லை.

நான்காம் நாள் நீனாவே மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் அங்கிருந்தேன். அக்காவை ‘டோடோ’, அதாவது அத்தை, என்று அழைத்து அவர் பர்மிய மொழியில் தடுமாறிச் சொன்னது இதுதான்:

“கோவிச்சுக்காதீங்க டோடோ. பேச்சு வராத குழந்தை ‘பா, பா’ங்குமே, அதுலேருந்து பொறந்த வார்த்தைன்னு எங்க ஊர்ல படிச்சவங்க சொல்வாங்க. ‘உஷ்கா’ன்னு சேர்த்தா செல்லம். ரோட்டுல போற வயசானவங்களயும் அப்படிக் கூப்பிடுவோம். ஆனா எம்மக வேற யாரயும் கூப்பிட்டதில்ல. எங்கம்மா உயிரோட இல்ல.”

அக்கா என் பக்கம் திரும்பி, “நம்ம பாப்பாங்கறதும் இப்படி வந்ததுதானோடி?” என்றார். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சாயம் பூசுவதை மட்டும் விடவில்லை. “பாபுஷ்கான்னா நரச்சிருக்கணும்னு சட்டமா?” என்பார்.

கடைசி ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். பள்ளி விட்டதும் மாஷா வந்து கஞ்சி ஊட்டுவாள். அவள் ஊட்டினால்தான் முழுக்கிண்ணமும் இறங்கும். வலியின்றி, ஒரு காலைப் பொழுதில் அக்கா அமைதியாகப் போனார்.

தோள் கொடுத்த அண்டை வீட்டார்க்கும், மருத்துவமனைச் செவிலியர்க்கும், சடங்குகளை நடத்திக் கொடுத்த கோயில் அன்பர்களுக்கும் எங்கள் நன்றி. மலரின் முதல் பக்கத்தில் பேத்தி என்ற இடத்தில் மாஷாவின் பெயரைக் கண்டு, அச்சுப்பிழையா என்று சிலர் கேட்கலாம். பிழையில்லை. நாங்கள்தான் போடச் சொன்னோம்.

அன்புத் தங்கை