தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற கார்

கிருஷ்ணகிரி அணைக்கு வேலை நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி, சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் மாமியார், கணவர், நான், மூன்றே பேர். பெங்களூரிலிருந்து மதராசுக்குப் போகும் பெரிய ரோடு எங்கள் களத்தை ஒட்டிப் போனது. பஸ்ஸும் லாரியும் போவதைத் தினமும் பார்ப்பேன். அவற்றில் போகிறவர்கள் யாரும் எங்கள் ஊரில் இறங்கி நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில், சாம்பல் நிறக் கார் ஒன்று பெங்களூர்ப் பக்கமிருந்து தரைப்பாலத்தைத் தாண்டி வந்து, ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கிக் காருக்கு அடியில் நுழைந்தார். சேறும் சகதியுமாக வெளியே வந்து, கூடியிருந்தவர்களிடம் என்னவோ சொன்னார். அது இந்தி. டெல்லியிலிருந்து வருகிற வழியெல்லாம் பேசிப் பேசிப் பழகிக்கொண்டாராம். எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். இந்தி மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

"நீதான் இங்கிலீசு படிச்சவளாச்சே, கேளும்மா" என்று மாமியார் என்னை முன்னால் தள்ளினார்.

கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்தவள் நான். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு யாரோடும் ஆங்கிலம் பேசியதில்லை. அப்போது அவர் மனைவி காரிலிருந்து இறங்கினாள். ஆண்களைப் போல் கால்சட்டை போட்டிருந்தாள். மூக்கு வெயிலில் தோலுரிந்து சிவந்திருந்தது. அவர்கள் டென்மார்க் தேசத்தவர்கள். அவளுக்கும் ஆங்கிலம் சொந்த மொழி இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசினாள். அதனால்தானோ என்னவோ, எனக்குப் புரிந்தது. தங்கள் ஊரிலிருந்து இங்கே வரைக்கும் காரிலேயே வந்திருக்கிறார்கள்! மதராசுக்கும் மாமல்லபுரத்துக்கும் போய்விட்டு, பம்பாயில் கப்பலேற வேண்டும். முன்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை முறிந்துபோயிருந்தது.

இரண்டு ஜோடி மாடுகளைப் பூட்டிக் காரை எங்கள் களத்துக்கு இழுத்து வந்தார்கள். வேறு பட்டை வாங்கப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். கன்னடம் நன்றாகப் பேசுகிற என் கணவர், அந்த மனிதரை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். மறுநாள் வந்துவிடுவோம் என்று சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விடிந்தபோது தரைப்பாலத்தின் மேல் செந்நிறத் தண்ணீர் புரண்டு ஓடியது. பஸ் நின்றுபோனது. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

அவளை நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய அறையில் படுக்க வைத்திருந்தோம். காலையில் நான் சொம்புத் தண்ணீரோடு வயல் பக்கம் கிளம்ப, அவள் காரிலிருந்து ஒரு குட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அது எதற்கென்று புரிந்ததும் மாமியாருக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. "சுத்தக்காரி" என்றார்.

மத்தியானம் களியும் கீரைக் குழம்பும் வைத்தோம். அவள் களியை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அது பல்லில் ஒட்டிக்கொண்டு விடவில்லை.

"மெல்லக் கூடாதுன்னு சொல்லேன். உருட்டி, குழம்புல தொட்டு, அப்பிடியே முழுங்கணும். இதோ பாரு" என்று மாமியார் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவள் கண்ணை மூடி ஓர் உருண்டையை விழுங்கிவிட்டு, அது எங்கே போகிறது என்று கவனிப்பவள் போல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். அடுத்த உருண்டையை அவளே உருட்டினாள்.

சிரித்தாலும் அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வெள்ளத்தில் இறங்கிவிட்டார்களா, பெங்களூரிலேயே இருக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. மாமியார் மாட்டுக்குத் தீனி வைப்பதும், வாசலுக்கு வந்து பார்ப்பதுமாக இருந்தார்.

இரண்டாவது நாளும் தண்ணீர் வடியவில்லை. அவள் ஊருக்குப் பின்னாலிருந்த பாறைக் குன்றைக் காட்டி, அதன் உச்சியிலிருந்து பாலம் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் அதில் ஏறியதே இல்லை. மாமியாரிடம் கேட்டேன்.

"பாதி மலையில இருக்கிற பெருமாள் கோயில் வரைக்கும் போயிருக்கேன். அதுக்கு மேல என்னா இருக்குதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றவர், சேலையை இழுத்துச் செருகினார். "வாங்க, போய்ப் பாத்துடலாம்."

எனக்கு ஆச்சரியம். கிணற்றடிக்கே என்னைத் தனியாக அனுப்பாதவர் எங்களுக்கு முன்னால் ஏறினார். கோயிலுக்கு மேலே பாதை கிடையாது. வழுக்குப் பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஏறினோம். உச்சியில் ஒரு சுனை இருந்தது. அதில் வெள்ளை அல்லி பூத்திருந்தது. இது இங்கே எப்படி வந்தது என்று மாமியார் என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பேன்?

கீழே பாலமும், அதற்கு அப்பால் வரிசையாக நின்ற பஸ்களும் பொம்மைகள் போலத் தெரிந்தன. அவள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். திடீரென்று கத்தினாள். பிறகு அதைக் கழற்றி மாமியாரின் கண்ணில் வைத்தாள்.

மாமியார் முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு பாறையைப் பார்த்தார், கடைசியில் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஐயோ, கிட்டக்க இருக்கிறானே! கல்லு மேல குந்திகினு இருக்கிறான். அந்த நெட்டையரும் பக்கத்துல இருக்கிறாரு." சட்டென்று குரல் மாறியது. "அடப்பாவி! பீடி குடிக்கிறான்டீ!"

எனக்கே அது புது விஷயம். நானும் வாங்கிப் பார்த்தேன். என் கணவர் ஒரு கையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுகமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தார். அருகில் டென்மார்க்காரரும் அதையே செய்துகொண்டிருந்தார். நான் சங்கதியை விளக்கியதும் அவள் பாறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமியாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. எல்லோருமாகக் கையை வீசிக் கூப்பிட்டோம். அவர்கள் திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் முழங்கால் அளவுத் தண்ணீரில், பட்டையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள். மாமியார் மகனுக்குச் சோறு போட்டுவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்:

"அங்க காத்து எப்பிடி? புகை கிகை ஒண்ணும் இல்லையே?"

என் கணவருக்குப் புரையேறியது. அவர் என்னைப் பார்க்க, நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் எத்தனையோ தடவை கேட்டும் நாங்கள் சொல்லவில்லை.

அன்றே பட்டையை மாட்டிவிட்டார்கள். ஆனால் வேலூருக்கு அப்பால் ரோடு அறுந்து கிடக்கிறது, சரியாக நாளாகும் என்று லாரிக்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். டென்மார்க்காரர்களால் கப்பலைத் தவறவிட முடியாது. காரின் மூக்கின் மேல் தேசப்படத்தை விரித்து இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அவள் மாமல்லபுரத்தின் மேல் விரலை வைத்து, எடுத்து, மைசூரில் வைத்தாள். மதராசை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி, மைசூரைப் பார்த்துவிட்டுப் பம்பாய்க்குப் போவதென்று ஆயிற்று. அவள் முகம் வாடியிருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே, மைசூருக்குப் போகும் வழியில் இப்படிக் குன்றுகள் உண்டா என்று என்னைக் கேட்டாள். தெரியாது, பார்த்துவிட்டு எனக்கும் சொல் என்றேன். உண்மையிலேயே சொல்லப்போகிறவள் போல அவள் தலையாட்டினாள்.

கிளம்பும்போது மாமியார் காரைச் சுற்றி வந்தார். கதவைத் தொட்டார்.

"பாலம் வரைக்கும் என்னையும் கூட்டிகினு போவாங்களான்னு கேளும்மா."

அவளே இறங்கி முன் இருக்கையைக் கொடுத்தாள். மூவரும் போனார்கள். வெகுநேரம் கழித்து மாமியார் மட்டும் வயல் வரப்பு வழியாக நடந்து வந்தார். தலைமயிர் கலைந்து கிடந்தது.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"அத ஏன் கேக்கிற? கண்ணாடிய எறக்கி விட்டுட்டாரு. வாயத் தொறந்தா காத்து உள்ள பூந்துடுது. அவ கையப் புடிச்சு, நல்லபடியா போயிட்டு வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னா, பாலம் வந்துடுச்சு."