லப்டொப்பின் சூடும் அம்மாவின் சுளகும்

கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஓர் எண்ணைப் பார்த்துத்தான் மூச்சு விட்டோம். அண்ணாவின் லப்டொப்புக்குள் இருந்து படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டின் சூடுதான் அந்த எண். திரையின் மூலையில் பச்சை நிறத்தில் மாறிக்கொண்டே இருக்கும். அதைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயது, வாயும் கொஞ்சம் நீளம். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் திருகோணமலையிலேயே இருந்திருக்க மாட்டார்.

லப்டொப் கனடா மாமா அண்ணாவின் படிப்புக்கென்று அனுப்பியது. அண்ணா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து எதுவும் சரிவராமல் வீட்டில் இருந்தான். படிக்க ஒன்றும் இல்லாததால் அதில் கார்ப் பந்தய கேம் ஓடினான். படம் விக்கி விக்கி வருகிறது என்று, கார்டைச் செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே கூட்டிவைத்தான். அதற்கு ஓவர்குளொக் என்று பெயர். வேகம் கூடினால் சூடும் கூடும். நூறு டிகிரியைத் தொட்டால் லப்டொப் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். வெற்றிக்கோட்டுக்குக் கிட்டப் போய் அணைந்த நாட்களில் அண்ணா தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பான். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

அம்மாவுக்கோ அந்த லப்டொப்பைக் கண்ணில் காட்டக்கூடாது. "ஒருநாளைக்கு இந்தச் சனியனைத் தூக்கிக் கடலுக்குள்ள எறியிறன், பார்" என்பது தினமும் கேட்கும் பாட்டு.

அன்று காலை மீன்வாடிக்கு வேலைக்குப் போன அப்பா, போன வேகத்தில் திரும்பி வந்தார். படகுகளைக் கடலுக்கு விடவில்லையாம். வாடியில் ஐஸ் சும்மா கரைகிறது என்று ஒரு பெட்டி ஐஸைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குசினிக்குள் போய் அம்மாவிடம் மெல்ல ஏதோ சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கடைசித் துண்டு மட்டும் கேட்டது.

"பின்னேரம் வரைக்கும் பொடியனை வெளியில விடாத. அவனுக்கு ஒண்டும் சொல்லவும் வேண்டாம்."

வெயில் கொதிப்பதால் அண்ணாவை விட வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். இராணுவத்தினர் டவுணைச் சுற்றிவளைத்து இளம் பொடியன்களை லொறியில் ஏற்றுகிறார்கள் என்ற முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. பல வருடம் கழித்து அம்மாவே சொன்னது அது. அண்ணாவின் உயிர்ச் சிநேகிதன் டவுணுக்குள் இருந்தான். விஷயம் தெரிந்தால் அண்ணா அவனைத் தேடி ஓடியே தீருவான் என்று அப்பா அம்மா இருவருக்கும் பயம். நிலவரம் பார்க்க அப்பா மறுபடி சைக்கிளில் போனார்.

அண்ணாவோ அன்றைக்கென்று கடைசிப் பந்தயத்துக்கு வந்திருந்தான். அதை வென்றால் கிண்ணம் அவனுக்கு. கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் சொன்னான்: "இண்டைக்கும் இடையில நிண்டுதெண்டால், சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுணுக்குப் போறன். சூடு இறங்க உள்ள பூசுற பேஸ்ட் காய்ஞ்சு போச்சு. புதுசு வாங்காமல் இது சரிவராது."

அம்மாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. பிறகு நடந்ததை நான் என் கண்ணால் கண்டிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அம்மா குசினியை விட்டு வந்து, லப்டொப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தினை டிகிரி, பிள்ளை?"

"தொண்ணூத்தி ரெண்டு அம்மா!"

முதலில் றோட்டுப் பக்க ஜன்னல்களைப் பூட்டினார். "கச்சான் காத்து நெருப்பாக் கொதிக்குது, இதைத் திறந்து வைச்சால் எப்பிடிக் குளிரும்?" என்றார். அடேயப்பா, அம்மாவுக்கு என்ன மூளை என்று வியந்தேன்! அடுத்து அப்பா கொண்டுவந்த ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி, ஒரு தட்டத்தில் வைத்து, லப்டொப்பின் கீழே தள்ளினார். எண் மளமளவென்று இறங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் லப்டொப்பின் அடி வியர்த்து, நீர்த்துளிகள் அரும்பின.

அண்ணா துள்ளி எழும்பினான். "ஐயோ அம்மா, தண்ணி உள்ள போனால் எல்லாம் முடிஞ்சுது! இது என்ன பாரை மீனே, ஐஸில வைக்க?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஐஸை எடுத்துவிட்டு, லப்டொப்பை அணைக்கச் சொல்லி, சேலைத் தலைப்பால் அடியை ஒற்றி ஒற்றித் துடைத்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் சூடு வெளியேறும் துவாரத்துக்குள் ஓர் ஈர்க்கை விட்டு மெல்ல இழுத்தார். உள்ளே இருந்து பூனை வால் மாதிரி ஒரு தூசிக் கற்றை வந்தது!

"மூக்கை அடைச்சு வைச்சிட்டு மூச்சு விடச் சொன்னால் எப்பிடி ராசா விடும்?"

மறுபடி போட்டபோது எண்பது. அண்ணா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான், நான் இருவரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். ஆனால் அவனுக்கு ஆசை விடவில்லை, வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டிவிட்டான். பந்தயம் தொடங்கியது. கடைசிச் சுற்றில் எண் ஏறத் தொடங்கியது.

"தொண்ணூத்தி நாலு! அம்மா, தொண்ணூத்தியாறு!"

அம்மா குசினிக்குள் ஓடி அரிசி புடைக்கும் சுளகை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விசிறினார் பாருங்கள், மேசையில் இருந்த கடதாசியெல்லாம் பறந்தது.

"தொண்ணூத்தெட்டு!"

"முருகா, நிண்டிடாத! நிண்டிடாத!" என்று அம்மா லப்டொப்பிடம் கெஞ்சினார். அண்ணாவின் கார் கோட்டைக் கடந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூக்குரல் போட்டோம். அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஒரு கேமுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஒரே பெருமை.

அண்ணா சோம்பல் முறித்தான். "கிண்ணம் கிடைச்சிட்டுது. எதுக்கும் டவுணுக்குப் போய் பேஸ்டை வாங்கிக்கொண்டு, அவனையும் பாத்திட்டு வாறன்."

மணி இரண்டுதான்.

"இஞ்ச இரு ராசா," என்றார் அம்மா. "எனக்கும் ஒருக்கா ஓடப் பழக்கு."

அண்ணா என்னைப் பார்த்தான், நான் அண்ணாவைப் பார்த்தேன். யாருக்குத்தான் அதை விட்டுப் போக மனம் வரும்? கூட்டியிருந்த வேகத்தைக் குறைத்துவிட்டு, அம்மாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினான். அம்மா மதிலில் மோதினார். மரத்தில் மோதினார். திரும்பி எதிர்ப்பக்கமாக ஓடினார். "இன்னொருக்கா" என்றார். "இன்னும் ஒருக்கா, இந்த முறை சரியா ஓடுவன்." வயிறு நோகச் சிரித்தோம். மூன்று மணித்தியாலம் அம்மா ஒரு பந்தயத்தையும் முடிக்கவில்லை. எண் எழுபத்தைந்தைத் தாண்டாததால் எனக்கும் வாசிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியில் ஒரு தடவை அம்மாவின் கார் எதிலும் முட்டாமல் நேரே போனது. முன்னால் ஒருவரும் இல்லை, வெற்றிக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே எட்டி அண்ணாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்து, "டவுணைச் சுற்றி நிண்டவங்கள் எல்லாரும் போயிட்டாங்கள்" என்றார். அம்மா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தேத்தண்ணி வைக்கிறன்" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

கார் கோட்டுக்கு முன்னால் சும்மா நின்றது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பழக்கியும் எங்கள் அம்மாவுக்கு வெல்லத் தெரியாது என்று அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.