கையைப் பார்க்கும் வக்கீல்

விருத்தாசலம் ஜங்ஷனில் இதுவரை ரயில் மாறியவர்களை எல்லாம் எண்ணி முடித்தாலும், வக்கீல் பூர்ணிமா புண்ணியத்தில் அப்பா அம்மா மாறிய பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்கு மேலே நிற்கும். நம்பாதவர்கள் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போய்ப் பாருங்கள். இந்நேரம்கூட யாரையாவது பார்த்து, "பொய் சொல்றதா இருந்தா கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு, நல்லா யோசிச்சு வந்து சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

தத்து, டெஸ்ட் டியூப் குழந்தை, வாடகைத்தாய். இது தவிர வேறு எதையும் தொடமாட்டார். வரப்புத் தகராறு என்று வந்தால் பக்கத்து வக்கீலுக்குக் கையைக் காட்டிவிடுவார். சிகிச்சைக்கு வயசு வரம்பு இருக்கிறதல்லவா, அதற்காக ஆதாரை நீட்டினால் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்து டி.சி.யைக் கேட்பார். வாடகைத்தாய்க்குத் "தூரத்துச் சொந்தம்" என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால், இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வி: "கடைசியா யாரு வூட்டுச் சாவுல பாத்துக்கிட்டீங்க?" பாதிச் சொந்தம் அங்கேயே அறுந்துவிடும். ஆஸ்பத்திரி ஏஜெண்டு வைத்துவிட்டுப் போகும் ஸ்வீட் பாக்ஸ் பிரிக்காமல் ஜெராக்ஸ் கடைக்கு இறங்கும். கைக்குழந்தையைப் பார்த்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் போனது என் அக்கா யுவஸ்ரீயின் குழந்தைக்காக. அவளுக்கு இரண்டாவதும் பெண், ஐந்து மாசம். மாமா பிரேம்நாத்தின் அண்ணன் கார்முகிலுக்கும் அவர் மனைவி அகல்யா அக்காவுக்கும் பிள்ளை இல்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று தடவை கரு வைத்தும் தங்கவில்லை. சின்னதை அவர்களுக்குத் தத்துக் கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அக்கா சரி என்றாள். அன்றிலிருந்து துவைக்கும்போது குழந்தையின் சட்டையை மட்டும் மூன்று தடவை அலசினாள்.

இரண்டு தடவை மாடி ஏறினோம். வக்கீல் பிறப்புச் சான்றிதழ் கேட்டார், கல்யாணச் சான்றிதழ் கேட்டார், அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீஸை வாங்கிக்கொண்டு பத்திரம் போட்டுத் தள்ளுகிற ஆள்தான் என்று எனக்குப் பட்டது. மூன்றாம் தடவைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ போனை இரவல் வாங்கி, வாயில் துண்டை வைத்துக்கொண்டு வக்கீலிடம் பேசினேன்.

"கம்மாபுரம் பச்சமுத்து பேசறன்மா. எழுவது வயசு ஆவுது. நாளைக்குப் புள்ள குடுக்க வருதே யுவஸ்ரீ, அது மனசில்லாமதான் குடுக்குது."

"சரிங்க பெரியவரே. பல்செட்ட கழட்டி வச்சிட்டா பேசுறீங்க?"

வைத்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரையும் நிற்கவைத்தார். "பத்திரம் அப்புறம். பெத்தவங்க கையிலேர்ந்து வாங்குறவங்க கைக்குப் போவணும், அதான் தத்து. குடுங்க, பாக்கலாம்."

அக்கா கொடுத்தாள். அகல்யா அக்கா வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்த்தோம். வக்கீல் மட்டும் அக்காவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் ஒரு குதிகால் அதற்குள் இருந்தது.

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டங்க," என்றாள் அக்கா. விடவில்லை.

வக்கீல் பேனாவை மூடினார்.

"நல்ல நாளு பாத்துதான் வந்தம் மேடம்," என்றார் மாமா.

"நாளு நல்லாதான் இருக்குது. கை வரலிங்களே."

அகல்யா அக்காதான் குழந்தையைத் திருப்பி நீட்டினார். "எனக்குத் தெரியும் யுவா. நாந்தான் பாக்காத மாரி இருந்தன்."

வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் கார்முகிலும் திங்கக்கிழமை வாங்க. கவர்மெண்டுல தத்துக்குப் பதிவு போட்டுடலாம். லேட்டாவும். ஆனா யாரு கையிலேர்ந்தும் புடுங்க வேணாம்."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். குழந்தையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நான் கடைசியாக வாசலைத் தாண்டினேன்.

"பச்சமுத்து ஐயா," என்றது பின்னால் குரல்.

திரும்பிவிட்டேன். அவர் பைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனாவால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.