மாப்பிள்ளை பார்க்காத புத்தகங்கள்

அபுல் ஹஸனுக்குப் புத்தகத்தில் இது அது என்று தரம் பிரிக்கத் தெரியாது. எழுத்து என்று ஒன்று இருந்தால் போதும். கல்முனை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்த காலத்தில், பயணிகள் சீட்டில் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களைக் கொண்டக்டர்மார் அவர் மேசையில்தான் கொண்டுவந்து போடுவார்கள். துப்பறியும் கதை, காதல் கதை, கோழி வளர்ப்பு, புதுக்கவிதை, ஜாதகம் கணிக்கும் முறை, எது வந்தாலும் விடமாட்டார். பாதியில் இருக்கும்போது உரியவர் தேடி வந்துவிட்டால் மனிதருக்கு முகம் செத்துப்போகும். கொலைகாரன் யாரென்று தெரியாமலே எத்தனையோ புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், பாவம். யாரும் தேடி வராதவை காலப்போக்கில் சாய்ந்தமருதில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அவருக்கு இருந்த ஒரே குறை, வாசித்ததைக் கதைக்க ஒரு ஆள் இல்லாததுதான். மனைவி ஜெனூபாவிடம் தொடங்கினால், "அந்தப் புள்ளைய அவன் கெட்டினானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்று கதையை முடித்துவிடுவாள்.

மகள் அப்னாவுக்குச் சம்மந்தம் வந்தது. ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு, கலியாணத்தோடு மருமகன் இங்கேதான் வந்து குடியிருப்பார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் அபுல் ஹஸனுக்கு எங்கிருந்தோ ஒரு வெட்கம் வந்துவிட்டது. புத்தக அட்டைகளில் தலைவிரித்த பெண்களும் கத்தியும் இரத்தமும்! மார்க்கப் பற்றுள்ள குடும்பம், என்ன நினைப்பார்கள்?

"இரிந்தா இரிக்கட்டுமே, களவெடுத்த சாமானா?" என்றாள் ஜெனூபா. அவர் கேட்டால்தானே. எல்லாவற்றையும் உரப் பைகளில் கட்டி, பழைய பேப்பர் வாங்குகிறவனிடம் தள்ளிவிட்டார். கண்ணாடி அலுமாரியில் மார்க்கப் புத்தகங்கள் மட்டும் நின்றன. வந்தவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், கலியாணம் நடந்தது.

மருமகன் ஜவாத் தங்கமான பிள்ளை. ஆனால் இத்தனை வருடத்தில் "சாப்பிட்டீங்களா மாமா", "ஓம் மகன்" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. மருமகன் முன்னால் கதைப் புத்தகம் தொடக் கூச்சப்பட்டே அபுல் ஹஸனும் வாசிப்பை விட்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போய்விட்டது. ஜவாதின் போனும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் முன் விறாந்தையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"சம்மந்தம் பேசின நேரம் உங்களப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா மாமா?" என்றார் ஜவாத். "எந்த நேரமும் கையில கதைப் புத்தகத்தோட இரிக்கிற மனிசன் எண்டு. அதக் கேட்டுத்தான் நான் உடனே ஓம் எண்டன். நானும் அப்ப புத்தகப் பைத்தியம். இஞ்ச வந்து அலுமாரியப் பாத்தா எல்லாம் மார்க்கப் புத்தகம். உங்களுக்கு இதெல்லாம் புடிக்காது போல எண்டு, என்ட புத்தகப் பொட்டிய கூடப் பொறந்த ராத்தாட வீட்டுலேயே வச்சிட்டன்."

அபுல் ஹஸன் அவர் பக்கம் திரும்பினார். "பொறகு எடுக்கல்லியா?"

"கரையான் திண்டிரிச்சு. இப்ப ரெண்டு பக்கம் வாசிச்சா நித்திர வருது மாமா. அந்தப் பழக்கமே உட்டுப் பெய்த்து."

ஆயுள் முழுக்கத் தேடிய ஆள் அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறார். அந்த ஆளின் வாசிப்பையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மகன், எனக்கிட்டயும் இரிந்திச்சு," என்று தொடங்கினார். "காதல் கதை, கொலைக் கதை, வீடு நிறைய..."

கரண்ட் வந்தது. ஜவாத் எழுந்து போய் போனைச் சார்ஜரில் போட்டார். திரை வெளிச்சமானதும் அவர் தலை குனிந்துகொண்டது.

"சொல்லுங்க மாமா, கேட்டுட்டுத்தான் இரிக்கன்."

"ஒண்டுமில்ல மகன்," என்றார் அபுல் ஹஸன். "நீங்க பாருங்க."